மடியில் பாலிஷ் மெஷின்

இது குக்கர் இல்லை, கண்ணு. எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஏறும்போது கண்டக்டரும் அப்படித்தான் கேட்டார். காதுகுத்துக்குப் போகிறவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, மடியில் இத்தனை பெரிய அட்டைப் பெட்டியை வைத்திருந்தால் குக்கர் என்றுதான் நினைப்பார்கள். இது பாலிஷ் மெஷின். காருக்குப் பாலிஷ் போடுகிற கரண்டு மெஷின். நீ கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள். இதன் ஒயர் ஐந்து மீட்டர், பெட்டிக்குள் அடங்குவதில்லை. அதுதான் உன் முழங்கையில் இடிக்கிறது.

பாலிஷ் மெஷின் இருக்கிறது, கார் எங்கே என்று கேட்பாய். காரும் இருக்கிறது. சொந்தக் கார். கார் இருக்கிறவள் எதற்குப் பஸ்ஸில் வருகிறாள் என்று கேட்பாய். கேள், கேட்கத்தான் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் என்னை நடு ரோட்டில் இறக்கிவிட்டார். இப்போதுதான், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பெருந்துறை தாண்டி ஒரு செங்கல் சூளை வந்ததே, அங்கே. கட்டின பொண்டாட்டியைப் பட்டுச் சேலையோடும் பாலிஷ் மெஷினோடும் சூளைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்ட மனுஷனை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? நானும் கேள்விப்பட்டதில்லை.

நீ ஜன்னலோரம்தானே இருக்கிறாய், சும்மா எட்டிப் பின்னால் பார். சிவப்பாக ஒரு சின்னக் கார் வருகிறதா? வருகிறதா, சரி. அதுதான் எங்கள் கார். ஓட்டுகிறவர்தான் எங்கள் வீட்டுக்காரர். கிட்டத்தில் வருகிறதா, தள்ளி வருகிறதா? பஸ் கிளப்புகிற புழுதி மேலே விழாத அளவுக்குத் தள்ளி வருகிறாரா? சரியாகத் தெரியவில்லையா? அப்புறம் ஒரு தடவை பார்த்துச் சொல்லு.

நான் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை, கண்ணு. வைரத் தோடு கேட்டேனா, காசி ராமேஸ்வரம் கேட்டேனா? என் தங்கச்சி வசந்தாமணி வீட்டு வாசலில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் ஆயுசுக்கும் பஸ்ஸில் போகச் சொன்னாலும் போவேன்.

அவள் கார் வாங்கிப் பதினோரு வருஷம். அவள் வீட்டுக்காரருக்குத் தேங்காய்ப் பருப்புக் காயப்போடுகிற களம் இருக்கிறது, நல்ல வருமானம், அதைப் பற்றி எனக்கொன்றும் பொறாமை இல்லை. அவள் காரிலிருந்து இறங்குகிறதைப் பார்த்தால் உனக்குத் தெரியும். முதலில் ஒரு கால் வெளியே வரும். கொஞ்ச நேரம் அந்தக் கால் மட்டும் நிற்கும். அப்புறம் கைப்பை வரும். எல்லோரும் பார்த்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அவள் வருவாள். வந்து கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்கையால் ஒரு தட்டு தட்டுவாள். டப்பென்று சாத்திக்கொள்ளும். அந்தச் சத்தம் இருக்கிறதே, எனக்கு மூன்று நாளைக்குக் காதில் இருக்கும்.

நான் அவள் ஊருக்கு ரோடு பிரிகிற பிரிவில் பஸ்ஸை விட்டு இறங்கி, அரைக் கிலோமீட்டர் நடந்து, வேர்த்து வடிந்து போய்ச் சேருவேன். வாசலிலேயே நிற்பாள். "பஸ்ஸுலயா வந்தே அக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காரை அனுப்பியிருப்பேனே" என்பாள். பத்துப் பேர் இருக்கும்போதுதான் சொல்லுவாள். பதினோரு வருஷமாக இதையேதான் சொல்லுகிறாள். ஒரு தடவைகூட நான் முன்கூட்டிச் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

எங்கள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, அரசாங்க பஸ் டிரைவர். முப்பத்தோரு வருஷம். ஊரில் இருக்கிறவன் பொண்டாட்டியையெல்லாம் முப்பத்தோரு வருஷம் ஏற்றிக்கொண்டு போனவர், தன் பொண்டாட்டியை ஒரு நாள் எங்கேயாவது கூட்டிப் போயிருக்கிறாரா? போன வைகாசியில் ரிட்டையர் ஆனார். ஆவணியில் ஈரோட்டில் ஒரு பல் டாக்டரிடமிருந்து அவர் எட்டு வருஷம் ஓட்டின இந்தக் காரை வாங்கினோம். என்ஜின் நல்ல என்ஜின் என்றார். எனக்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும், நான் ஏழாவதோடு நின்றவள். எனக்கு வெளியே தெரிகிறதுதான் தெரியும். வெளியே என்ன தெரிந்தது என்றால், அது ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த கார். ஆஸ்பத்திரி வாசலில் எட்டு வருஷம் வெயிலில் கிடந்து வெளுத்துப் போயிருந்தது.

அன்றைக்கே போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். உடனே போன் பண்ணிவிட்டாள். "அக்கா, ரோசாப் பூ கலர்ல எடுத்திருக்கீங்களா? மாமா வயசுக்கு வேற கலர் கெடைக்கலையா?" என்றாள்.

அவ்வளவுதான். இந்த மனுஷன் காரை வெளியே எடுக்கவே இல்லை. நான் கவர் வாங்கிப் போட்டு மூடி, நாலு பக்கமும் கயிறு கட்டி, சாவியை அரிசி டப்பாவுக்குள் வைத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. அவர் ஏதாவது முயற்சி எடுத்திருக்கலாம் இல்லையா? எடுக்கவில்லை. "நாளைக்குக் கோயிலுக்குப் போலாமா துளசி, சாவியைக் குடு" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். ரோசாப் பூவில் உட்கார்ந்துகொண்டு கோயிலுக்கா?

ஈரோட்டில் விசாரித்தோம். காரைப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிற கடை இருக்கிறது. உள்ளே ஏ.சி. எல்லாம் போட்டிருக்கிறார்கள், காருக்கு, நமக்கில்லை. அவர்கள் கேட்ட கூலிக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். நான் அங்கேயே ஓர் ஓரமாக நின்று பார்த்தேன். ஒருத்தன் கையில் ஒரு மெஷின் வைத்துத் தேய்க்கிறான். நாம் மாவு அரைக்கிறோம், துணி தேய்க்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம். தேய்க்கிறது ஒரு வேலையா? நாமே செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

நீயும் ஒரு நாள் வாங்கினாலும் வாங்குவாய், அதனால் சொல்கிறேன், கவனமாகக் கேட்டுக்கொள். எடுத்த எடுப்பில் விலை குறைவாக இருக்கிறதே என்று கை வைக்காதே. நான் வைத்தேன். எங்கள் ஊர் ஹார்டுவேர்ஸ் கடை செல்லமுத்து அண்ணன் சொன்னார், "அம்மிணி, மெஷினே வேண்டாம். சொவத்துல ஓட்டை போடுற டிரில் மெஷின் இருக்குதில்ல, அதுக்கு முன்னாடி மாட்டற பஞ்சு இருக்குது, நூத்தைம்பது ரூவா." வாங்கிவந்து மாட்டினேன். முதலில் காரில் வைக்கக் கூடாது என்கிற அறிவு எனக்கு இருந்தது. பீரோவில் வைத்துப் பார்த்தேன். பஞ்சு ஒரு சுற்று சுற்றிக் கழன்று பறந்தது. எங்கள் மாமியார் போட்டோவில் போய் நெற்றியில் பட்டது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் போட்டோ அன்றிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. எத்தனை தடவை நேராக வைத்தாலும் சாய்ந்துகொள்கிறது. உயிரோடு இருந்தபோதும் நான் வாங்குகிற எதுவும் அவருக்குப் பிடித்ததில்லை.

இரண்டாவது, டைல்ஸ் வேலை செய்கிற ஒருத்தரிடம் கிரைண்டிங் மெஷின் இரவல் வாங்கினேன். நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று என்றார். வேகமாகச் சுற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். முடிந்தது. டிக்கியின் மூலையில் வைத்தேன், மூச்சு விடுவதற்குள் எட்டு வருஷத்துப் பெயிண்டும் போய், அதற்கடியில் இருந்த பெயிண்டும் போய், தகரம் தெரிந்தது. பழைய ஒரு ரூபாய்க் காசு அகலம். கல்லுக்கு ஆகிற மெஷின் காருக்கு ஆகாது, கண்ணு. வேகம் அதிகமானால் சூடு ஏறும், சூடு ஏறினால் பெயிண்டு வெந்துவிடும். அவர் பார்ப்பதற்குள் அந்த இடத்தில் ஒரு வேல் ஸ்டிக்கர் ஒட்டினேன். சாயங்காலம் வந்து பார்த்தார்.

"வேலு எப்ப ஒட்டினே?"

"சென்னிமலைக்கு வேண்டிக்கிட்டேன்."

"டிக்கி மூலையில ஒட்டறதா வேண்டிக்கிட்டே?"

சாமி விஷயத்தில் இப்படிக் குதர்க்கம் பேசுகிற மனுஷனோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

மூன்றாவது, பேட்டரியில் ஓடுகிறது. செல்போனில் பார்த்து வரவழைத்தேன். ஒயரே வேண்டாம், கையடக்கம், விலை ரொம்பக் குறைவு என்று போட்டிருந்தான். ஓடியது. கார் மேல் வைத்து லேசாக அழுத்தினால் நின்றுவிடும். எடுத்தால் ஓடும். வைத்தால் நிற்கும். வேலை செய்யச் சொன்னால் நிற்கிற ஆளை நான் வீட்டிலேயே வைத்திருக்கிறேன், அதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதை எங்கள் வீட்டுக்காரர் குதிகாலுக்கு வைத்துக்கொள்கிறார். கிளட்ச் மிதித்து மிதித்து வந்த வலி, இப்போது போய்விட்டது.

அப்புறம்தான் நான் உட்கார்ந்து படித்தேன். படித்தேன் என்றால், மத்தியானம் சாப்பிட்டதும் செல்போனில் வீடியோ போட்டு, அவர்கள் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். இரண்டு மாசம் பார்த்தேன். மெஷினில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, நின்ற இடத்தில் வட்டமாகச் சுற்றும். அது கை தேர்ந்தவர்களுக்கு, நமக்கு வேண்டாம். இன்னொன்று சுற்றிக்கொண்டே ஆடும். சாமி வந்தவர்கள் சுற்றிக்கொண்டே ஆடுவார்கள் இல்லையா, அப்படி. ஓர் இடத்தில் நிற்காது, அதனால் சூடு ஏறாது, பெயிண்டு வேகாது. நம்மைப்போல வீட்டில் இருக்கிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். வேகத்துக்குத் திருகு இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து ஆறு வரை. பஞ்சு அஞ்சு அங்குலம். அதற்கு மேல் போனால் கதவு மடிப்பில் நுழையாது. எடை இரண்டு கிலோவுக்குள். கடையில் தூக்கிப் பார்க்கும்போது எல்லாம் லேசாகத்தான் இருக்கும், அரை மணி நேரம் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். நான் செல்லமுத்து அண்ணன் கடையில் அரை மணி நேரம் தூக்கிக்கொண்டு நின்றேன். மாற்றுப் பஞ்சு உள்ளூரில் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள். பிளக்கை மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லு, சத்தத்தைக் கேளு. குளவி மாதிரி இருந்தால் நல்ல மெஷின். சரளைக்கல் உருட்டுகிற மாதிரி இருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடு.

இதற்காக நான் ஒன்றும் அலையவில்லை. பதினோரு தடவை கடைக்குப் போனேன், அவ்வளவுதான். நாலாவது தடவைக்கு மேல் செல்லமுத்து அண்ணன் எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டார். ஏழாவது தடவை, தண்ணி மோட்டார் வாங்க வந்த ஒருத்தர் என்னிடம் வந்து, "ஏனுங்க, ஒரு ஹெச்.பி. போதுங்களா?" என்று கேட்டார். போதும் என்று சொன்னேன். வாங்கிக்கொண்டு போனார்.

ஐப்பசிக் கடைசியில் இதை வாங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை, காரைக் கழுவித் துடைத்து, பானட்டில் பாதியை மட்டும் முதலில் தேய்த்தேன். கண்ணு, நீ மாதுளம்பழத்தை உடைத்திருக்கிறாய் இல்லையா? மேலே பழுப்பாக இருக்கும், உடைத்தால் உள்ளே அந்தச் சிவப்பு. அப்படி வந்தது. அந்தச் சிவப்பு அங்கேயே இருந்திருக்கிறது, எட்டு வருஷமாக. வெளுத்த தோலுக்கு அடியில் பேசாமல் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார். முப்பத்தோரு வருஷம் ஆயிரம் பேரைத் திட்டிய மனுஷன், பானட்டை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம், "துளசி, இன்னொரு பாதியையும் போட்டுரு. பார்க்கறவங்க ரெண்டு காருன்னு நெனைச்சுக்குவாங்க" என்றார்.

போட்டேன். வெள்ளிக்கு வெள்ளி போட்டேன். எண்ணெய்க் குளியல் மாதிரி. கார் முடிந்தால் கை சும்மா இருக்குமா? பீரோவுக்குப் போட்டேன். கேட்டுக்குப் போட்டேன். காலிச் சிலிண்டர் ஒன்று இருந்தது, அதற்கும் போட்டேன். கேஸ் போடுகிறவர் வந்து தூக்கிப் பார்த்து, "இது எங்க சிலிண்டர் இல்லீங்க" என்று வைத்துவிட்டார். இதுதான் என்கிறேன், இல்லை என்கிறார். "எங்களுது இப்பிடி இருக்காதுங்க, எங்க சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்லைங்க" என்கிறார். மூன்று நாள் விறகடுப்பில் சமைத்தேன். அப்புறம் கொஞ்சம் கரியைத் தடவி வைத்தேன், எடுத்துக்கொண்டு போனார். மாட்டுப் பொங்கலுக்கு மேற்கு வீட்டு மாரப்பன் வந்து, "அக்கா, காளைக் கொம்புக்கு வருஷா வருஷம் பெயிண்டுதான் அடிக்கிறோம், இந்த வருஷம் உங்க மெஷினை வெச்சுப் பாக்கலாமா?" என்றான். கொம்புக்கு வேகம் ஒன்று போதும், கண்ணு, இரண்டு வேண்டாம். காளை கண்ணை மூடிக்கொண்டு நின்றது. முடித்து மெஷினை நிறுத்தியதும் முட்ட வந்தது. இன்னும் போடு என்று கேட்கிறதாம், மாரப்பன் சொன்னான்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், என் பக்கத்தில் குறையே இல்லை. கார் ஐப்பசியிலேயே தயார். இது மாசி. நாலு மாசம். இந்த மனுஷன் என்னைத் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாரா? போகவில்லை.

கார்த்திகையில் சாவியை எடுத்தார். தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், செம்மண், அதில் போய் எடுக்கலாமா? மார்கழியில் எடுத்தார். பனி. பனி விழுந்து காய்ந்தால் புள்ளி புள்ளியாக நிற்கும். தையில் எடுத்தார். அறுவடை முடிந்து மஞ்சள் மூட்டை ஏற்றின லாரி வரிசையாகப் போகிறது, ஒரு லாரி பக்கத்தில் போனால் போதும், சிவப்புக் கார் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிடும். நான் சொன்னேன். உடனே சாவியை வைத்துவிட்டார். பாரேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச வேண்டாமா? உறுதி இல்லாத மனுஷன். அவருக்கு அப்படி ஆசை இருந்தால், "அதெல்லாம் முடியாது, வா" என்று இழுத்துக்கொண்டு போயிருக்க மாட்டாரா?

பின்னால் பார்த்தாயா? வருகிறாரா? பக்கத்தில் ஏதாவது லாரி? சரி.

இன்றைக்கு வசந்தாமணியின் பேத்திக்குக் காதுகுத்து. ஒரு மாசம் முன்னாடியே பத்திரிகை வைத்துவிட்டாள். அப்புறம் போனில், "அக்கா, எப்பிடி வரப்போறே?" என்று கேட்டாள். "கார்ல" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் கண்ணு, நான் இத்தனையும் பட்டேன்.

நேற்று முழுக்கத் தேய்த்தேன். காலையில் அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார், "இன்னைக்கு மழை வந்தாலும் கார்லதான் போறோம். ஒண்ணே ஒண்ணு. நீ வழியில ஒண்ணும் பேசக் கூடாது." சரி என்று தலையாட்டினேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் மேலாக ஒரு கை போட வேண்டுமே என்று மெஷினை மடியில் வைத்துக்கொண்டேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன். பெல்ட்டும் அவரே போட்டுவிட்டார்.

நான் ஒன்றுமே பேசவில்லை. லாரி வருது என்றேன். வந்ததால் சொன்னேன். அந்த டிவிஎஸ்காரன் கைப்பிடி உரசப்போகுது, அக்கட்டப் போங்க என்றேன். அந்தப் பக்கம் போனதும், அங்கே வேலி முள்ளு, இக்கட்ட வாங்க என்றேன். ஆட்டுக்குட்டி ஒன்று ரோட்டோரம் நின்றது. நிறுத்தச் சொல்லி, இறங்கி, அதை அந்தப் பக்கமாக ஓட்டிவிட்டு வந்து ஏறினேன். அப்புறம் ஒரு கிலோமீட்டருக்குக் காருக்கு முன்னால் நடந்தே வந்தேன். ஏனென்றால் ஜல்லி கொட்டியிருந்தது, சக்கரத்தில் பட்டுத் தெறித்தால் கதவில் கீறல் விழும். பெரிய ஜல்லியாகப் பார்த்துக் காலால் தள்ளிக்கொண்டே வந்தேன். இதெல்லாம் பேச்சா? இது உதவி.

செங்கல் சூளை வந்ததும் நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"துளசி, முப்பத்தோரு வருஷம். தீபாவளிக் கூட்டம் பாத்திருக்கறேன். பிரசவ வலியோட ஒரு புள்ள ஏறிச்சு, அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு பிரயாணிகூட என்னைய இப்பிடிப் பண்ணினதில்ல. பின்னால பஸ்ஸு வருது. நீ அதுல வா. நான் பின்னாலயே வர்றேன். பிரிவுல எறங்கி இதுல ஏறிக்க. அரைக் கிலோமீட்டரு. உன் தங்கச்சி வாசல்ல போய் எறங்கிக்க. உன் ஆசையும் தீர்ந்துரும், எம் மண்டையும் வெடிக்காது."

இப்படிப் பேசலாமா ஒரு புருஷன்? கை காட்டி இந்தப் பஸ்ஸை அவரேதான் நிறுத்தினார். டிரைவர் அவருக்குத் தெரிந்தவர்போல. மெஷினை மட்டும் நான் விடவில்லை. அது என் கையோடு வந்தது.

நாலு மாசம் தேய்த்த கார் காலியாகப் பின்னால் வருகிறது, தேய்த்தவள் பஸ்ஸில் போகிறேன். சரி, இருக்கட்டும். அரைக் கிலோமீட்டர் போதும். இறங்குகிறது காரிலிருந்து இறங்கினால் போதும். எங்கே ஏறினேன் என்று எவன் பார்க்கப் போகிறான்? பிரிவில் ஒரு புளியமரமும் ஒரு பெட்டிக்கடையும்தான் இருக்கும். இதோ, அந்த வளைவு திரும்பினால் பிரிவு. நான் எழுந்துகொள்கிறேன். பெட்டியைக் கொஞ்சம் பிடி.

கண்ணு.

அங்கே என்ன, பந்தல் மாதிரி இருக்கிறது? புளியமரத்தடியில் வாழைமரம் கட்டியிருக்கிறார்களே. மேளம் வேறு. வீட்டு வாசலில் நிற்க வேண்டிய வரவேற்பைப் பிரிவுக்கே கொண்டுவந்துவிட்டாளே. அதோ, சந்தனக் கிண்ணத்தோடு பச்சைப் பட்டுச் சேலையில் நிற்கிறாளே, அவள்தான். வசந்தாமணி. பஸ்ஸில் வருகிறவர்கள் நடக்கும்படி ஆகிறதே என்று இங்கேயே வந்து நிற்கிறாள்போல. இவளுக்கு என்றைக்கு இந்தப் புத்தி வந்தது?

நான் உட்கார்ந்துகொள்கிறேன். நீ கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொள், என் முகம் தெரியக் கூடாது. பெட்டியைத் தலைக்குப் பக்கத்தில் வை, கண்டக்டர் வருகிறார். அப்படித்தான்.

"செங்காட்டுப் பிரிவு எறங்கறவங்க எறங்குங்க. அம்மா, பிரிவுன்னீங்களே, இதுதானுங்க."

நான் இல்லைங்க. நான் அடுத்த ஸ்டாப்புங்க. இல்லைங்க, மறந்து சொல்லிட்டேன். வேணும்னா இன்னொரு டிக்கெட் குடுங்க. விசிலை ஊதுங்க, நேரமாகுது பாருங்க.

போயிற்றா? பஸ் நகர்ந்துவிட்டது. நல்லது. இப்போது பின்னால் பார். அவரும் நம் பின்னாலேயே வருவார். அடுத்த ஸ்டாப்பில் நான் காரில் ஏறி, திரும்பி வந்து, அவள் முன்னாலேயே இறங்குகிறேன். முதலில் ஒரு காலை வைப்பேன்.

வரவில்லையா? அங்கேயே நிறுத்திவிட்டாரா? பந்தலுக்கு முன்னாலா? நகரு, நானே பார்க்கிறேன்.

ஆமாம், நிறுத்திவிட்டார். நான் இறங்கிவிட்டேனா என்று தேடுகிறார். வசந்தாமணி போகிறாள். முன் கதவுப் பக்கமாகக் குனிந்து பார்க்கிறாள். நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே குனிகிறாள். காலி சீட்டைப் பார்க்கிறாள். என்னவோ கேட்கிறாள். சொல்லாதீங்க, சொல்லாதீங்க. கையை நீட்டுகிறார். பாவி மனுஷன், பஸ்ஸைக் காட்டுகிறார்.

சந்தனக் கிண்ணத்தைப் பக்கத்தில் இருக்கிறவளிடம் கொடுக்கிறாள். கதவைத் திறக்கிறாள். கண்ணு, சந்தனக் கை. சந்தனக் கையோடு கதவைத் தொடுகிறாள். அஞ்சு விரலும் பதிந்திருக்கும். ஏறிவிட்டாள். முன் சீட்டில், என் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வருகிறார்கள். என்ன வேகமாக ஓட்டுகிறார் பார், முப்பத்தோரு வருஷ டிரைவர். பஸ் புழுதிக்குள்ளேயே வருகிறார். சிவப்பு எங்கே தெரிகிறது, மண்தான் தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே வருகிறாள். ஒரு டஜன் கண்ணாடி வளையல் போட்டிருக்கிறாள், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கீறல். இதைக் கண்டிப்பாகக் கனமான பஞ்சு போட்டுத்தான் எடுக்க வேண்டும், திருகு நாலில் வைத்து.

பஸ்ஸை ஒட்டி வந்துவிட்டார்கள். என்னவோ சொல்கிறாள். உனக்குக் கேட்கிறதா? எனக்குக் கேட்கவே வேண்டாம், வாயைப் பார்த்தாலே தெரியும். பதினோரு வருஷமாக அதே வாய், அதே வார்த்தை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காரை அனுப்பியிருப்பேனே அக்கா."

என் காரை.

சிரிக்கிறாள். எங்கள் வீட்டுக்காரரும் சிரிக்கிறார். அந்த மனுஷன் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. முன் சீட்டை எனக்கு விட்டுக்கொடுப்பாளா? கேட்டால் கொடுப்பாள். இல்லை, கேட்கவே வேண்டாம், அவளே பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் அப்படி ஒன்றும் கெட்டவள் இல்லை. பந்தலுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேருமாக இறங்கினால்கூடப் பரவாயில்லை. நான் முதலில் இறங்கினால் சரி.

கண்ணு, நீ கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொல்லு, நிறுத்தச் சொல்லு. விசில் ஊதச் சொல்லு. என் பெட்டியைக் கொடு.

இரு, இரு. இங்கே வேண்டாம். இங்கேயும் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், செம்மண். கார் ஓரம் கட்டினால் சக்கரம் மொத்தமும் மண்ணாகிவிடும். ஒரு ரெண்டு கிலோமீட்டர் போகட்டும். தார் ரோடு வந்ததும் நிறுத்தச் சொல்லு.